காவலி குடியேறிய கை

"அம்மா, மாவு பொங்கலம்மா" என்றாள் பிரதீபா போனில்.

கட்டிக்கொடுத்த மகள் அழுதுகொண்டே போன் செய்தால் பெற்றவளுக்கு என்னென்னவோ தோன்றும். மாப்பிள்ளை கை நீட்டிவிட்டானோ, மாமியார் நகையைப் பற்றிக் குத்திக் காட்டினாளோ என்று நான் பதறிக்கொண்டிருக்க, இவள் மாவு பொங்கவில்லை என்கிறாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"அடியே, மாவு பொங்கலன்னா கொஞ்ச நேரம் வெயில்ல வை. உப்பு சரியாப் போட்டியான்னு பாரு. இதுக்காடி வேலை நேரத்துல கூப்பிட்டு அழுவே? நான் மலைச் சரிவுல ஒத்தக்கால்ல நிக்கிறேன், முதுகுல கூடை தொங்குது."

"புரியாமப் பேசாதம்மா. நான் இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு நாள்கூடப் பொங்கல. என் கை ராசியில்லாத கைன்னு அத்தை சொல்றாங்க."

அதைக் கேட்டதும் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டேன். ஏனென்றால் அவள் வாழ்க்கைப்பட்டது மாவு வீட்டில். பொள்ளாச்சியில் ரங்கநாயகியம்மா மாவு என்றால் ஓட்டல்காரன் முதல் கல்யாண மண்டபக்காரன் வரை வரிசையில் நிற்பான். எத்தனையோ மிஷின்கள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் அந்த வீட்டில் அரைப்பதுதான் மிஷின். உப்புப் போட்டுக் கரைப்பது வீட்டுப் பெண்களின் கை. புது மருமகள் வந்தால் முதல் அண்டாவில் அவள்தான் கை வைக்க வேண்டும். மறுநாள் காலை மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றால் வந்தவள் மகாலட்சுமி. நிற்காவிட்டால் என்ன சொல்வார்கள் என்று இதுவரை யாருக்கும் தெரியாது, அப்படி நடந்ததே இல்லை.

நான் தவமணி. வால்பாறைக்கு மேலே கல்லருவி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். "இன்னுமா கையால எடுக்குறீங்க?" என்று கீழே சமவெளியில் கேட்பார்கள். ஆமாம், கையால்தான். ஒரு காலத்தில் கொழுந்து வெட்டும் மிஷின் வந்து இறங்கியது. இனி உங்களுக்கு வேலையில்லை, எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று சொல்லியும் விட்டார்கள். எங்களைக் காப்பாற்றியது சங்கமும் இல்லை, கவர்மென்டும் இல்லை. தேயிலைக்கு வந்த கொப்புள நோய்.

மழையும் மூட்டமுமாக இருக்கும் மாதங்களில்தான் கொப்புளம் வரும். இளங்கொழுந்தில் முதலில் எண்ணெய் சிந்தியது போல ஒரு பொட்டு. பிறகு இலைக்கு அடியில் வெள்ளையாகப் புடைக்கும். அதில் இருக்கும் பூஞ்சைத் தூள் காற்றில் பறந்து அடுத்த செடிக்குப் போகும். முற்றின இலையை அது சீண்டாது, நாங்கள் எடுக்கும் அதே இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான் அதற்கும் வேண்டும். என் அம்மா காலத்தில் செம்பு கலந்த நீலநிறத் துத்தமருந்து அடித்தார்கள். பிறகு செடிக்குள்ளேயே ஊறும் மருந்துகள் வந்தன. ஒவ்வொன்றும் சில வருடம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. போதாததற்கு, இலையில் மருந்து மிச்சம் இருக்கிறது என்று வெளிநாட்டுக்காரன் தேயிலையைத் திருப்பி அனுப்பினான்.

அப்போதுதான் காவலி வந்தது. அது மருந்தில்லை, ஓர் உயிர். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. கொப்புளப் பூஞ்சையைக் கண்டால் விடாது. ஆனால் தண்ணீரில் கலந்து செடிமேல் அடித்தால் வெயிலில் செத்தது, மழையில் கழுவிக்கொண்டு போனது. வேர்வையும் கதகதப்பும் உள்ள மனிதத் தோலில் மட்டும் சொகுசாக உட்கார்ந்தது. கொழுந்தைக் கிள்ளும் இடத்தில் செடிக்கு ஒரு சின்னக் காயம் உண்டாகுமே, அங்கே விரலில் இருந்து காவலி இறங்கிவிடும். ஆக, மருந்தடிக்கும் டேங்க் இனி எங்கள் கைதான். மிஷின்கள் திரும்பிப் போயின. எங்கள் வேலையும் வீடும் தங்கின.

அதற்குக் கொடுத்த விலை இருக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்வது! காவலிக்கு ஆகாதது எதையும் கை தொடக் கூடாது. வேப்பெண்ணெய் சோப்பு கூடாது. மருதாணி கூடாது. செம்புக்குடம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மஞ்சள் கூடாது. மஞ்சள் இல்லாமல் என்ன குழம்பு, என்ன குங்குமம், என்ன விசேஷம்? நாங்கள் கரண்டியால் சோறு தின்னப் பழகினோம். ஆண்கள் சமைக்கப் பழகினார்கள், அந்த ஒன்றில் எனக்கு வருத்தமில்லை. என் வீட்டுக்காரர் கேரளா லாரியில் டிரைவர், மாதத்துக்கு ஒருமுறை முகம் காட்டுகிறவர். அதனால் எங்கள் வீட்டு அடுப்படி சின்ன வயதிலேயே பிரதீபா தலையில் விழுந்தது.

தினமும் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கை பார்ப்பார்கள். கண்ணாடித் தட்டில் இரண்டு உள்ளங்கையையும் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் காவலி உயிரோடு இருக்கிறது, மலைக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் அன்றைக்கு வேலையில்லை. அடிக்கடி சிவப்பு எரிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். கை பார்க்கிற சூப்பர்வைசர் மாசிலாமணி, தட்டைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த சீதேவி வாம்மா" என்பான். கழுத்தை நெரிக்கலாம் போல வரும்.

பிரதீபாவுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள் நலங்கு வைத்தோம். எங்கள் எஸ்டேட்டில் பெண்கள் நலங்கு வைப்பது அருகம்புல்லால்தான். புல்லை மஞ்சளில் தோய்த்துக் கன்னத்தில் ஒற்றிவிட்டு விலகிக்கொள்வோம். தோழிமார் எல்லாரும் அப்படித்தான் வைத்தார்கள். கடைசியாக என் முறை. மணையில் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பெற்ற பிறகு ஒரு நாள்கூட மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியதில்லை. கையில் புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை, புல்லை வீசிவிட்டேன். இரண்டு கையாலும் கிண்ணத்து மஞ்சளை அள்ளி அவள் முகத்தில், கழுத்தில், கையில், விரல் இடுக்கில் எல்லாம் பூசினேன். "அம்மா, உன் கை இவ்வளவு சூடா இருக்குமா?" என்று அவள் கேட்டாள். நான் அழுதேன், அவளும் அழுதாள், யாருக்கும் பயப்படவில்லை.

கல்யாணம் முடிந்து பெரட்டுக்குப் போனபோது, இன்றோடு நம் சோலி முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் கையை வைத்தேன். பச்சை எரிந்தது. மாசிலாமணி தட்டைத் தட்டிப் பார்த்தான். மறுபடியும் வைக்கச் சொன்னான். மறுபடியும் பச்சை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நான் சந்தோஷமாகக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். சந்தோஷப்பட்டதுதான் தப்பு.

இப்போது மாவு பொங்கவில்லையாம்.

லீவு சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்கக் காதும் அடைத்தது, மனசும் அடைத்தது. சம்பந்தி வீட்டில் ரங்கநாயகியம்மா வாசலுக்கு வந்து "வாங்க சம்பந்தி" என்றார். குரலில் ஈரமில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"நான் உங்க பொண்ணை ஒண்ணும் கொறை சொல்லலீங்க" என்றார். "நல்ல புள்ள. பெரியவங்க சின்னவங்க தெரிஞ்ச புள்ள. ஆனா மாவு பொங்கலீங்களே. ஓட்டல்காரங்க ஒவ்வொருத்தரா வேற எடம் பாத்துட்டுப் போறாங்க. நான் என்னங்க பண்றது?"

"உளுந்து பழசா இருக்குமோ?"

"எனக்கே உளுந்து சொல்லித் தர்றீங்களா?"

மாப்பிள்ளை லோகநாதன் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிய ஆண்பிள்ளைக்கு வாய் எங்கே இருக்கப்போகிறது!

கடைசியில் நானே சொன்னேன். "மூணு பாத்திரத்துல ஊத்துங்க. ஒண்ணு நீங்க கரைங்க, ஒண்ணு அவ கரைக்கட்டும், ஒண்ணு நான் கரைக்கிறேன். காலையில பாப்போம், யாரு கை ராசியில்லாத கைன்னு." வாய்க்கொழுப்பு என்பது இதுதான். என் மகள் கைக்கு நான் ஜாமீன் நிற்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

காலையில் மூன்று மூடியையும் திறந்தோம். மூன்றும் வைத்தது வைத்தபடி சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கிடந்தன. ரங்கநாயகியம்மா தன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைப் புடவையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து பொங்குன கைங்க இது" என்றார். "எங்க மாமனார் செத்த அன்னிக்குக்கூடப் பொங்குச்சு. இப்ப என் கையும் சேந்து போச்சு. இவ தலையத் தொட்டுப் பின்னிவிட்டேன், இவ கையப் புடிச்சு வளையல் போட்டுவிட்டேன். அதுக்கு இதுதானா?"

"கரண்டியால கலக்கிப் பாருங்களேன்" என்றேன் தயங்கி.

"கையால கரைச்ச மாவுன்னுதானுங்க ஊரு வாங்குது. கரண்டி போட்டா நான் கடைய மூட வேண்டியதுதான்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க பெரியவங்க நாலு பேர வரச்சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்க. அப்படியே பிரதீபாவக் கூட்டிட்டுப் போங்க, கொஞ்ச நாள் உங்ககூட இருக்கட்டும்."

கொஞ்ச நாள் என்றால் என்ன என்று பெண்ணைப் பெற்ற எல்லாருக்கும் தெரியும். பிரதீபா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது ஒன்றைப் பார்த்தேன். அரைக்கும் மிஷினுக்குக் கீழே ஒரு சொம்பு இருந்தது. முந்தின நாள் மிஷினில் இருந்து நேராக ஒழுகி விழுந்த மாவு. யாரும் அதில் கை வைக்கவில்லை, கரைக்கவில்லை. அது மட்டும் பொங்கி, வழிந்து, தரையில் நுரைத்துக் கிடந்தது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றால், சொல்ல எனக்குத் துப்பில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவை என் கைகள்தான். ஆனால் யாரோ வாடகைக்கு இருக்கும் வீட்டைப் பார்ப்பது போல இருந்தது.

எஸ்டேட்டில் காவலியைக் கவனித்துக்கொள்கிற பர்வீன் மேடத்திடம் நேராகப் போனேன். சின்னப் பெண், படித்த பெண், எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் மாவுக் கதையைச் சொல்லச் சொல்ல முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கையுறை மாட்டிக்கொண்டு என் கையில் சோப்பு போட்டாள், ஸ்பிரிட் ஊற்றினாள், பழைய துத்தத்தைக் கரைத்துத் தடவினாள், மஞ்சளையும் குழைத்து அப்பினாள். ஒவ்வொரு தடவையும் தட்டில் வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் பச்சை.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை தாலிக்கு மஞ்சள் வைப்பீங்களா?"

நான் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வைப்பீங்களா?"

"சுண்டுவிரல் நுனியில கொஞ்சமா" என்றேன். "தட்டுல தெரியாத அளவுக்கு."

"நீங்க மட்டுமா, எல்லாருமா?"

"எல்லாருந்தான் மேடம். தாலி கட்டினவ எவ வைக்காம இருப்பா? அம்மாமாருங்க வச்சாங்க, நாங்களும் வச்சோம்."

பர்வீன் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "முந்தி மருந்தடிக்கிற ஆளுங்க மருந்த மிச்சம் புடிக்க, கொஞ்ச மருந்துல நெறைய தண்ணி கலந்து அடிச்சாங்களே, கேள்விப்பட்டிருக்கீங்களா? அரைகுறை மருந்துல சாகாமத் தப்பிச்ச கொப்புளம்தான் பெருகுச்சு. அப்புறம் முழு மருந்துக்கும் அது அசையல. நீங்க எல்லாரும் சேந்து காவலிக்கு அதத்தான் செஞ்சிருக்கீங்க. வாரா வாரம் துளி மஞ்சள். தாங்காதது செத்துப்போச்சு. தாங்குனது மட்டும் உங்க விரல்ல வளந்துச்சு."

எனக்குப் புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. "அப்ப நல்லதுதானே மேடம்? இனிமே மஞ்சள் தொடலாமில்ல?"

"தொடலாம். எத வேணாத் தொடலாம். அதான் பிரச்சினையே." அவள் என் கையைத் தொடாமல் சுட்டிக்காட்டினாள். "முன்ன இது பூஞ்சையோட மட்டும் சண்டை போட்டுச்சு. தேயிலைச் சாறு தெனமும் படாத கையில தங்காது. இப்ப யார் கையிலயும் தங்குது. பக்கத்துல வேற எந்தச் சின்ன உயிர் இருந்தாலும் வெரட்டுது. மாவைப் பொங்க வைக்கிறதும் உயிர்தானேக்கா. நலங்கு வச்சப்ப நீங்க பொண்ணுக்கு மஞ்சள் மட்டும் பூசல."

"இங்க எங்க லைன்ல யார் வீட்டு மாவும் கெட்டுப்போகலியே?"

"இந்தக் குளிருல மாவு என்னிக்கு ஒழுங்காப் பொங்குச்சு? குளிருன்னு நெனச்சு விட்டிருப்பீங்க."

அது உண்மைதான். மலையில் மாவு பொங்காவிட்டால் வானத்தைத்தான் திட்டுவோம். நான் அவள் காலில் விழாத குறையாகக் கேட்டேன்: "எம் பொண்ணு கையில இருந்து இத எடுத்துருங்க மேடம்."

"எப்படின்னு தெரியலக்கா."

"நீங்கதானே வச்சீங்க?"

"வச்சது வேற. இது நீங்க வளத்தது." சொன்ன பிறகு அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது. "தப்பாச் சொல்லிட்டேன். மஞ்சள் தொடாம ஒரு பொம்பள எப்படி இருப்பான்னு நாங்க யோசிச்சிருக்கணும். மேலிடத்துக்குச் சொன்னா தோட்டத்த மூடுவாங்க. உங்களையெல்லாம் எங்க வைப்பாங்க, என்ன பண்ணுவாங்க, எனக்குத் தெரியல. சொல்லாம இருக்கவும் முடியாது. கொஞ்ச நாள் குடுங்க, யோசிக்கிறேன். அதுவரைக்கும் கீழ எறங்காதீங்க. எதையும் தொடாதீங்க."

அவளைத் திட்டலாமா, அவளுக்காகப் பரிதாபப்படலாமா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். பிரதீபாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். எதிர்முனையில் நெடுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப என் கை ராசியில்லாத கை இல்ல" என்றாள்.

"இல்லடி தங்கம். சத்தியமா இல்ல."

"ஆனா அத அத்தைகிட்டச் சொல்ல முடியாது. சொன்னா நோய் புடிச்ச கைன்னு ஆயிரும். ராசியில்லாதவள அனுப்பினாலும் பொறவு கூப்பிடுவாங்க. நோய்க்காரிய?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"நான் போக மாட்டேம்மா. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. அத்தையக்கூடப் புடிச்சிருக்கு. ஏன்னு கேக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த ஒரு பேச்சுத்தான். அது மட்டும் இல்லையென்றால் நான் அடங்கி எஸ்டேட்டில் கிடந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். நான் சனிக்கிழமை மத்தியானமே பொள்ளாச்சியில் இறங்கிவிட்டேன். சம்பந்தி வீட்டுப் பக்கம் போகவில்லை. சாயங்காலத்துக்கு முன்பு எல்லா மாவுக் கடையிலும் அரைத்து முடித்து, கரைத்துப் புளிக்க வைக்கிற நேரம் அது. முந்தானையைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் கடைக்குள் நுழைந்தேன்.

"ஒரு பாக்கெட் வேணும். உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே பெரிய அண்டாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

"ஏனம்மா, அண்டாவுல கைய விடறே! அறிவில்ல?" என்று கடைக்காரர் கத்தினார்.

"மன்னிச்சுக்கங்கய்யா, மலையில இருந்து வர்றேன், பழக்கம் தெரியாது" என்றேன். அது ஒன்றும் பொய்யில்லை.

அடுத்த கடையில் அண்டாவை இறக்க ஒரு பெண் சிரமப்பட்டாள். ஓடிப்போய் விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். விரல் நான்கும் மாவில் நனைந்தன. அவள் எனக்கு நன்றி சொன்னாள். எனக்குத் தூ என்று இருந்தது. இன்னொரு கடையில் அகப்பையை எடுத்துக் கலக்கிவிட்டு விலை கேட்டேன். இன்னொன்றில் கீழே விழுந்த மூடியைக் கழுவிக்கொடுக்கிறேன் என்று வாங்கி, மூடும்போது உள்பக்கமெல்லாம் தடவினேன். கால் நிற்காமல் அடுத்த கடைக்கு நடந்தது. ஊர் முழுக்கப் பொங்கவில்லை என்றால் ஒருத்தி கையை எப்படிக் குற்றம் சொல்வார்கள்? இந்தக் கணக்கு ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. ஓட்டல்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், பல்லில்லாத கிழங்கள், நாளைக்கு எல்லாரும் என்ன தின்பார்கள் என்று நினைப்பு வரும்போதெல்லாம் பிரதீபாவின் மூச்சுச் சத்தம் காதில் கேட்டது.

கடைசி வீதி முனையில் கடை என்று சொல்ல முடியாத ஒரு கடை. சாக்குப் படுதா, ஒரு தவலை, பக்கத்தில் ஒரு ஸ்டூல். பாப்பாத்தி என்று பெயராம். புருஷன் படுக்கையில் கிடக்கிறாராம், திறந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. "மலையில இருந்தா வர்றீங்க? உக்காருங்கக்கா" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். "மாவ ருசி பாருங்க, உப்பு பத்தலன்னா சொல்லுங்க. எனக்கு நாக்கு செத்துப்போச்சு" என்று தானே தவலையை என் பக்கம் நகர்த்தினாள்.

என் கை எழவில்லை. முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டேன். "வாசத்துலயே தெரியுதும்மா, உப்பு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இவள் ஒருத்தியாவது பிழைக்கட்டும், ஒரு தவலை மாவால் என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோயில் மண்டபத்தில் படுத்து எழுந்தேன்.

ஞாயிறு காலை சம்பந்தி வீட்டுக்குப் போனால் வீதியில் திருவிழாக் கூட்டம். மாவுக் கடைக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவர் தண்ணீர் என்றார், ஒருவர் உளுந்து வியாபாரி செய்த சதி என்றார், இன்னொருவர் கிரகணம் என்றார். முந்தின நாள் என்னைத் திட்டியவரும் இருந்தார். அவர் கண் என் மேல் பட்டு நகர்ந்துபோனது. பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்கள் நால்வரும் வந்த காரியத்தை மறந்து குடிதண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரங்கநாயகியம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். எல்லார் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்தார்.

"சம்பந்தி, ஊருல ஒருத்தர் மாவும் பொங்கலீங்க. எங்கயோ என்னமோ தப்பு. அது தெரியாம நான் அந்தப் புள்ளயப் போட்டு வதைச்சுட்டேன். என் வாய்ல புழு வெக்க. என்னைய மன்னிச்சுருங்க" என்று சொல்லி என் கைகளைத் தூக்கித் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

கையை இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அந்த அம்மாவின் கண்ணீர் என் உள்ளங்கையில் சுட்டது. ஜெயித்தேனா, தோற்றேனா? எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நான் நெகிழ்ந்துவிட்டதாகச் சுற்றி நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க. இன்னிக்கு உப்புமாதான்" என்று அழைத்துப் போனார். அடுப்படியில் பிரதீபா ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. மாமியார் வெளியே போகும் வரை என் முகத்தைப் பார்க்காமல் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு அடுப்பைக் குறைத்தாள்.

"நேத்து மத்தியானம் மாடியில கடைவீதி தெரியிற பக்கமா துணி காயப் போட்டுட்டு இருந்தேன்" என்றாள். "முந்தானையத் தலையில போட்டா உன் நடை தெரியாதாம்மா?"

"உனக்காகத்தாண்டி..."

"தெரியும். பின்னாடியே வந்தேன். எல்லாக் கடைக்கும் போனே. அந்தப் பாப்பாத்தியக்கா கடைய மட்டும் ஏம்மா விட்டுட்டு வந்தே?"

"பாவம்டி. புருஷன் படுக்கையில..."

"அவங்க ஒருத்தர் மாவு மட்டும் பொங்கியிருந்தா ஊரே அங்க போய் நின்னிருக்கும். ஏன் உன்னுது மட்டும் பொங்குச்சு, நேத்து யாரு வந்தா, யாரு தொட்டான்னு கேட்டிருப்பாங்க. அவங்களும் மலையில இருந்து ஒரு அக்கா வந்துச்சுன்னு சொல்லியிருப்பாங்க."

ரவையில் தண்ணீரை ஊற்றினாள். ஆவி எழும்பி அவள் முகத்தை மறைத்தது.

"அதான் நீ போனதுக்கப்புறம் நான் போனேன்" என்றாள். "எனக்கும் அந்த ஸ்டூலத்தான் தள்ளிப் போட்டாங்க."